பழைய பூச்செடிகளைக் குச்சியிலிருந்து வளர்ப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாற்பது வருடத்துக்கு மேல் வயதான நந்தியாவட்டையும் ஒற்றைச் செம்பருத்தியும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. இரண்டு முறை மேல் கிளைகளில் குச்சி வெட்டி நட்டோம். ஒன்றும் பிழைக்கவில்லை. செடிக்கு வயதாகிவிட்டதால் வேர் விடாதா?

பதில்: வயது ஒரு காரணம்தான். ஆனால் செடி மொத்தமும் ஒரே மாதிரி முதிர்ந்துவிடுவதில்லை. உச்சியில் இருக்கும், வருடக்கணக்கில் பூத்துப் பழகிய கிளைகள்தான் வேர் விடத் தயங்கும். தரைக்கு அருகிலிருந்து புதிதாகக் கிளம்பும் துளிர்களில் இளமையின் குணம் மிஞ்சியிருக்கும். அவை எளிதாக வேர் பிடிக்கும். கைக்கு எட்டுவதாலும் பூவோடு அழகாக இருப்பதாலும் எல்லோரும் மேல் கிளையை வெட்டுகிறார்கள். வேர் ஊக்கி, மண் கலவை எல்லாம் அடுத்த கவலை. எந்தக் கிளையை எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

மூன்று மாதம் போதுமான அவகாசம். இந்த வாரமே செடியின் மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளைத் தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள். எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். வயதான செடி அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் போகலாம். இலை மிச்சமிருந்தால்தான் வேருக்குச் சோறு போகும். கவாத்துக்குப் பிறகு நீர் சீராகக் கொடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரம் மட்டும் வேண்டாம். அது கொடுத்தால் துளிர் மொழுமொழுவென்று தடித்து வரும். அப்படிப்பட்ட தண்டில் நீர் அதிகம், சேமித்த மாவுச்சத்து குறைவு. கலவையில் வைத்ததும் அழுகும்.

ஐந்து முதல் ஏழு வாரத்தில் துளிர்கள் 20 முதல் 30 செ.மீ. நீளம் வந்திருக்கும். அடிப்பகுதி லேசாகப் பழுப்பேறி, நுனி பச்சையாக இருக்கும்போது குச்சி எடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடாமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக எடுப்பது நல்லது. ஒரு தொகுதி போனாலும் இன்னொன்று கையில் இருக்கும். ஐந்து செடி வேண்டுமென்றால் இருபது குச்சியாவது நடுங்கள்.

குச்சியை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். வெட்டாமல் விட்ட தண்டுகளில் இரண்டு மூன்றில் இன்றே விண்பதியம் கட்டிவிடுங்கள் (கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே அதில் வேர் விடவைப்பது; முறை கீழே வேறொரு பதிலில் இருக்கிறது). தாழ்ந்த கிளை இருந்தால் வளைத்து மண்பதியமும் போடலாம். கடைசி வாரத்தில் அடிமரத்தையே 45 முதல் 60 செ.மீ. அகல மண் உருண்டையோடு பெயர்த்து வேறிடத்தில் வைத்துப் பார்க்கலாம். குச்சிகள் தேறிய பிறகு ஒரே வீட்டில் வைக்காமல் உறவினர், அண்டை வீடு என்று இரண்டு மூன்று இடங்களில் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வேறெங்கும் இல்லாத செடியைக் காப்பாற்ற இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

கேள்வி: "நடுத்தர முற்றல்" குச்சி எடுங்கள் என்று எழுதுகிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தச் செடிக்கு எந்த முற்றல்?

பதில்: வளைத்துப் பாருங்கள். ரப்பர் போல வளைந்து ஒடியாமல் நின்றால் அது இன்னும் பிஞ்சு. வளைக்கும்போது டக்கென்று ஒடிந்தால் இளங்குச்சிக்குச் சரியான பருவம். அடி வளையாமல் விறைத்தும் நுனி மட்டும் வளைந்தும் கொடுத்தால் அதுதான் நடுத்தர முற்றல். முழுக்கப் பட்டை கட்டிச் சாம்பலோ பழுப்போ ஆகி, பென்சில் பருமனில் இருப்பது முற்றிய குச்சி.

மல்லி, பிச்சி, முல்லை, நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி ஆகியவற்றுக்கு நடுத்தர முற்றலே சிறந்தது. காகிதப்பூ, மருதாணி, பன்னீர் ரோஜா போன்றவற்றுக்கு முற்றிய குச்சி சரிப்படும். கனகாம்பரத்துக்கு இளம் நுனிக்குச்சி போதும். அரளி எந்த முற்றலிலும் வேர் விடும்.

குச்சியின் நீளம் 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும், முற்றிய குச்சி என்றால் 20 செ.மீ. வரை போகலாம். நீளத்தைவிடக் கணுவின் எண்ணிக்கை முக்கியம். மூன்று அல்லது நான்கு கணு வேண்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்கு 3 முதல் 5 மி.மீ. கீழே நேராக, மேல்வெட்டு மேல் கணுவுக்கு 1 செ.மீ. மேலே சாய்வாக. நேர், சாய்வு என்ற வித்தியாசம் தலையையும் அடியையும் மறக்காமலிருக்க. ஒரு கணுவோ இரண்டு கணுவோ கலவைக்குள் போகும்படி 4 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். ஆழம் கூடினால் அடியில் காற்று இராது, அடி கறுத்துவிடும்.

கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு அல்லது மூன்று இலை விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரிக்கலாம். இலையே வேண்டாம் என்று மழித்துவிடுவது தவறு. நடுத்தர முற்றல் குச்சிக்கு வேர் பிறக்கத் தேவையான சர்க்கரையும் இயற்கை ஊக்கியும் அந்த இலையிலிருந்துதான் கீழே இறங்குகின்றன. மொட்டு, பூ இருந்தால் ஈவிரக்கம் பார்க்காமல் கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டியதை அவை தின்றுவிடும்.

வெட்ட வேண்டிய நேரம் விடியற்காலை. இலையில் நீர் நிறைந்திருக்கும். முந்தின நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாக நீர் ஊற்றியிருக்க வேண்டும். வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துக்கொண்டு அன்றே நடுங்கள். நந்தியாவட்டை, அரளி போன்ற பால் வடியும் செடிகளை வெட்டியதும் அடியை நீரில் கழுவி, பால் நின்ற பிறகு ஊக்கியில் தொட வேண்டும். உறைந்த பால் வெட்டுமுகத்தை மூடிவிட்டால் ஊக்கி உள்ளே போகாது.

கேள்வி: வைத்த பத்தே நாளில் குச்சிகள் எல்லாம் துளிர்த்தன. மகிழ்ச்சியோடு வெயிலில் எடுத்து வைத்தேன். ஒரே வாரத்தில் துளிர் எல்லாம் சாய்ந்து கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. எப்படித் துளிர்த்தது?

பதில்: தண்டில் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டு துளிர்த்தது. அதற்கு வேர் தேவையில்லை. குச்சி நடுபவர்களில் பாதிப்பேர் ஏமாறுவது இங்கேதான். துளிர் விரிய விரிய நீர் ஆவியாகும் பரப்பு கூடுகிறது. கீழே உறிஞ்ச வேர் இல்லை. சேமிப்பு தீர்ந்ததும் சாய்கிறது. வெயிலில் வைத்தது அதை விரைவுபடுத்தியது.

காற்று சூடாகவும் கலவை குளிர்ச்சியாகவும் இருந்தால் துளிர் முந்திக்கொள்ளும். பைகளைச் சில்லென்ற சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். இந்தப் பூச்செடிகளுக்குக் கலவையின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. குச்சி நிறையத் துளிர்த்துவிட்டால் ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

வேர் வந்ததா என்று தெரிந்துகொள்ளத் துளிரைப் பார்க்காதீர்கள். குச்சியை இரு விரலால் பிடித்து மிக லேசாக மேலே இழுங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் இருக்கிறது. இதைத் தினமும் செய்து பார்க்கும் ஆர்வத்தில்தான் பல வேர்கள் அறுந்துபோகின்றன. செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு 4 முதல் 6 வாரம், மல்லிக்கும் பன்னீர் ரோஜாவுக்கும் 4 முதல் 8 வாரம், இட்லிப்பூவுக்கும் காகிதப்பூவுக்கும் 6 முதல் 10 வாரம் ஆகும். அதற்கு முன் கையை வைக்க வேண்டாம்.

கேள்வி: குச்சியின் அடி கறுத்து, கறுப்பு மேலே ஏறி, முழுவதும் அழுகிவிடுகிறது. தோட்ட மண்ணும் மட்கிய சாணமும் சமமாகக் கலந்துதான் வைத்தேன். பூஞ்சைக்கு கார்பன்டசிம் கரைசலும் ஊற்றினேன்.

பதில்: அந்தக் கலவை வளர்ந்த செடிக்கு விருந்து, வெட்டுக்காயத்தோடு நிற்கும் குச்சிக்கு நஞ்சு. வேர் இல்லாத குச்சிக்கு உரம் தேவையே இல்லை. தோட்ட மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் காயத்தின் வழியே நுழைகின்றன. தோட்ட மண் சிறு பையில் இறுகிப்போவதால் காற்றும் போகாது.

அடியிலிருந்து கறுப்பு ஏறுவது பெரும்பாலும் பித்தியம் என்ற நீர்வாழ் நோய்க்கிருமியின் வேலை. அது உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. அதனால் கார்பன்டசிம் அதன் மேல் வேலை செய்யாது. மருந்தை மாற்றுவதைவிடக் கலவையை மாற்றுங்கள்.

பருமனான மணலைத் தூசி போகும்வரை கழுவி, கழுவிய தென்னை நார்க்கழிவோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் போதும். மணல் 1 முதல் 2 மி.மீ. பருமனில் இருக்கட்டும், மாவு போன்ற பூச்சு மணல் ஆகாது. மணலுக்குப் பதில் பெர்லைட்டும் (எடையற்ற வெள்ளைக் கல்துகள்) போடலாம். நார்க்கழிவில் உப்பு தங்கியிருப்பது வழக்கம். அதனால் வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி, குறைந்தது மூன்று முறை அலசுங்கள். உப்புக் கலவையில் இலை நுனி கருகும். வேர் முனை வந்ததும் எரிந்துபோகும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி கலவையை இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் அளவு சரி. தாரையாக ஒழுகினால் அதிகம். மேலே பாலித்தீன் மூடி போட்டிருந்தால் தினமும் நீர் ஊற்ற வேண்டியதே இல்லை. இலையில் தெளிப்பானால் லேசாக நனைத்தால் போதும். குச்சிக்கு ஈரம் வேண்டியது காற்றில்தான்; கலவை சொதசொதவென்று இருக்கக் கூடாது. காய்ந்து செத்த குச்சிகளைவிட அன்போடு நீர் ஊற்றிக் கொல்லப்பட்ட குச்சிகளே அதிகம்.

பழைய பையையும் தட்டையும் மறுபடி பயன்படுத்தினால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஒருமுறை அழுகல் வந்த கலவையை அடுத்த தொகுதிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வேர் ஊக்கித் தூளில் எண் 1, 2, 3 என்று இருக்கிறது. எது வாங்குவது? தேன், இளநீர், சோற்றுக்கற்றாழை எல்லாம் இதே வேலையைச் செய்யும் என்கிறார்களே?

பதில்: எண்ணைப் பார்க்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும். டப்பாவில் இண்டோல் பியூட்ரிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 0.1 சதவீதம் (1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இளங்குச்சிக்கு, 0.3 சதவீதம் (3000) நடுத்தர முற்றலுக்கு, 0.8 சதவீதம் (8000) முற்றிய கெட்டிக் குச்சிக்கு. எளிதில் வேர் விடும் மல்லி வகைகளுக்கு நடுத்தர முற்றலாக இருந்தாலும் 1000 போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3 சதவீதம் வாங்குங்கள்.

தேவையான தூளைத் தனிக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு, ஈரம் துடைத்த குச்சியின் அடி 1 முதல் 2 செ.மீ. மட்டும் தொட்டு, தட்டி உதிர்த்துவிடுங்கள். டப்பாவுக்குள்ளேயே குச்சியை விட்டால் ஈரமும் கிருமியும் மொத்தத் தூளையும் கெடுக்கும். கலவையில் முதலில் வேறொரு குச்சியால் துளை போட்டு அதில் இறக்க வேண்டும். நேரே குத்தினால் தூள் மேலேயே வழிந்து நின்றுவிடும். நட்டதும் சுற்றி அழுத்திவிடுங்கள். மிச்சத் தூளைத் திரும்ப டப்பாவில் போடாமல் கொட்டிவிட வேண்டியதுதான். டப்பா குளிர்சாதனப் பெட்டியில், வெளிச்சம் படாமல் இருக்கட்டும்.

கரைசலாக வேண்டுவோருக்கு: 1000 பி.பி.எம். என்றால் 100 மி.லி.க்கு 0.1 கிராம், 3000 என்றால் 0.3 கிராம். இந்த அமிலம் வெறும் நீரில் சரியாகக் கரையாது. 50 மி.லி. ஆல்கஹாலில் முதலில் கரைத்து, பிறகு 50 மி.லி. நீர் சேர்க்க வேண்டும். குச்சியின் அடியை ஐந்து விநாடி முக்கி எடுத்து, ஆல்கஹால் உலர்ந்ததும் நடுங்கள். சமையலறைத் தராசு 0.1 கிராமைக் காட்டாது. நகை எடை போடும் சிறு தராசு இல்லையென்றால் தூளே மேல்; அளவு கூடினால் தீங்கு. அடி புடைத்துப் பட்டை வெடிப்பது, இலை மஞ்சளாகி உதிர்வது, மொட்டு எழாமல் அடங்கிக் கிடப்பது எல்லாம் ஊக்கி அதிகமானதன் அடையாளம்.

வேரைத் தூண்டும் இந்தப் பொருளின் ஆற்றல் 1935-இல் கண்டறியப்பட்டது. இன்றுவரை நாற்றங்கால்காரர்கள் அதை விடவில்லை. தேன் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும், வேரைத் தூண்டாது. சோற்றுக்கற்றாழையால் கெடுதல் இல்லை. அதையே நம்பி அரிய செடியைப் பணயம் வைக்க வேண்டாம். இளநீரைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அதில் சைட்டோகைனின் என்ற ஊக்கி இருக்கிறது. அது துளிரைத் தூண்டுவது, பெரும்பாலும் வேர் பிறப்பதற்கு எதிராகப் போவது. சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உருளைக்கிழங்கில் குத்தி நடுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். கிழங்கு அழுகும்போது குச்சியும் சேர்ந்து அழுகும்.

கேள்வி: குச்சியைத் தலைகீழாக நட்டால் வேர் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. வந்தாலும் செடி உருப்படியாக வளராது. தண்டில் இயற்கை ஊக்கி நுனியிலிருந்து அடியை நோக்கியே நகரும். குச்சியைத் திருப்பி வைத்தாலும் அந்தத் திசை மாறாது. மூட்டையாகக் குச்சி வாங்கி வருபவர்கள் இலைத்தழும்பைப் பாருங்கள்: மொட்டு தழும்புக்கு மேலே இருக்க வேண்டும்.

கேள்வி: தோழி வீட்டுப் பன்னீர் ரோஜாவிலிருந்து வாங்கி வந்த குச்சிகள் நன்றாகப் பிடித்தன. பூத்தபோது எல்லாம் சிறிய வெள்ளை ஒற்றைப் பூக்கள், கொத்துக் கொத்தாக. குச்சியில் வைத்தால் பூ மாறிவிடுமா?

பதில்: மாறாது. குச்சி என்பது தாய்ச்செடியின் அச்சு அசல். நீங்கள் வாங்கி வந்தது பன்னீர் ரோஜாவே அல்ல, அது ஒட்டுக்கட்டும்போது வேருக்காகக் கீழே வைக்கும் அடிச்செடி. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுத் துளிர் கிளம்பும். கவனிக்காமல் விட்டால் அது மேல்செடியை அமுக்கிவிட்டுத் தானே புதராகிவிடும். நெடுநெடுவென்று வளர்ந்த அந்தத் தண்டுதான் குச்சிக்கு ஏற்றதாகக் கண்ணில் படும்.

நீங்கள் சொல்லும் பூ, ரோசா மல்டிஃபுளோரா என்ற அடிச்செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு இலைச்செதிலின் விளிம்பு நார்நாராகக் கிழிந்திருக்கும். பன்னீர் ரோஜாவில் அப்படி இராது. மறுபடி போனால், இந்தப் பருவத்தில் பூத்த தண்டைப் பூவோடு பார்த்து, அதில் ஒரு நாடா கட்டிவிட்டு வாருங்கள். பூ உதிர்ந்த பிறகு அந்தத் தண்டிலிருந்தே பென்சில் பருமனில் 15 முதல் 20 செ.மீ. குச்சி எடுக்கலாம். பூத்து முடிந்த தண்டின் நடுப்பகுதி ரோஜாவுக்கு நல்ல பக்குவம். மேலே பூக்காம்பை ஒட்டிய மெல்லிய பகுதியை விட்டுவிடுங்கள்.

பன்னீர் ரோஜா சொந்த வேரில் நன்றாக வரும். அப்படி வந்த செடியில் அடியிலிருந்து கிளம்பும் துளிரும் பன்னீர் ரோஜாவாகவே இருக்கும், ஏமாற வழியில்லை. இன்றைய பெரும் பூ ஒட்டு ரோஜாக்களில் பல, சொந்த வேரில் நோஞ்சானாகவே நிற்கும். அவற்றுக்கு ஒட்டே சரி.

கேள்வி: ஒரே செடியில் வெள்ளையும் கருஞ்சிவப்புமாகப் பூக்கும் காகிதப்பூவில் குச்சி எடுத்தேன். புதுச் செடியில் ஒரு நிறம் மட்டும் வருகிறது.

பதில்: மேரி பால்மர் போன்ற இருநிற வகைகளில் தண்டின் திசு அடுக்குகளே வெவ்வேறு மரபுத்தன்மை கொண்டவை. ஒரு கிளையில் ஒரு அடுக்கு மேலோங்கிவிட்டால் அந்தக் கிளை ஒற்றை நிறம். இரண்டு நிறமும் ஒரே கிளையில் பூத்திருக்கும்போது அடையாளம் வைத்து அந்தக் கிளையிலேயே எடுங்கள். காகிதப்பூவின் இளவேர் கண்ணாடிபோல் ஒடியும் என்பதால் தட்டில் வைக்காமல் தனித்தனிப் பையில் நட்டு, மாற்றும்போது பையைக் கிழித்துக் கலவை சிதறாமல் இறக்குங்கள்.

கேள்வி: மனோரஞ்சிதம் குச்சியில் வரவே இல்லை. வேறு வழி உண்டா? விண்பதியம் கட்டிப் பார்த்தேன். பட்டை உரித்த இடம் மூடிக்கொண்டது, வேர் வரவில்லை.

பதில்: மனோரஞ்சிதம் குச்சியில் பிடிவாதக்காரச் செடி. விண்பதியமோ மண்பதியமோதான் உறுதியான வழி. தாய்ச்செடி நீரும் உணவும் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வேர் பிறப்பதால் காயும் அபாயம் இல்லை.

பட்டை மூடிக்கொண்டதற்குக் காரணம், உரித்த பிறகு சுரண்டாமல் விட்டது. பட்டைக்குக் கீழே வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்திசு. அது மிச்சமிருந்தால் காயத்தின் குறுக்கே பாலம் போட்டுவிடும். இலையில் தயாரான உணவு பழையபடி கீழே இறங்கிவிடும். அந்த உணவு மேல் விளிம்பில் தேங்கி நின்றால்தான் அங்கே வேர் பிறக்கும்.

சுண்டுவிரல் பருமனுள்ள, ஒரு வருடம் ஆன கிளையில், நுனியிலிருந்து 30 முதல் 45 செ.மீ. கீழே, 2.5 முதல் 3 செ.மீ. அகலத்துக்கு இரண்டு வளையம் கீறிப் பட்டையை உரியுங்கள். உள்ளே தெரியும் கட்டையைக் கத்தியின் முதுகால் வழவழப்புப் போகும்வரை சுற்றிலும் சுரண்டுங்கள். துடைத்துவிட்டுத் தொட்டால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். மேல் விளிம்பில் 0.3 சதவீத ஊக்கித் தூளைத் தடவுங்கள். கீழ் விளிம்புக்குத் தேவையில்லை. ஊறவைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியையோ அலசிய நார்க்கழிவையோ ஒரு பிடி சுற்றிவைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றி இரு முனையையும் கட்டுங்கள். மேல்கட்டு தளர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கி அழுகும். கீழ்கட்டு தளர்ந்தால் பாசி காயும். நேர் வெயில் படும் கிளையென்றால் மேலே ஒரு அலுமினியத் தாள் சுற்றிவிடுங்கள்.

வெள்ளை வேர் தெரிந்த உடனே வெட்ட வேண்டாம். வேர் கிளை பிரிந்து, முனை தவிர மற்ற இடம் பழுப்பேறிய பிறகு, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். பாசியைப் பிரித்தெடுக்க முயலாமல் அப்படியே பையில் வைத்து, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.

கேள்வி: அரளிக் குச்சி பாட்டில் நீரில் அழகாக வேர் விட்டது. மண்ணுக்கு மாற்றியதும் செத்துவிடுகிறது.

பதில்: நீரில் பிறந்த வேருக்கு மண்ணில் வேலை செய்யத் தெரியாது. காற்றறைகள் நிறைந்து, மயிர்வேர் குறைந்து, தொட்டால் ஒடியும்படி இருக்கும். மண்ணில் புது வேர் உண்டாகும் வரை செடி பட்டினி. வேர் நீளமாகட்டும் என்று காத்திருப்பதுதான் தவறு. 2 முதல் 3 செ.மீ. வந்ததுமே மாற்றுங்கள். மணல்–நார்க்கழிவுக் கலவையில் வைத்து, முதல் பத்து நாள் ஈரம் சற்றுத் தூக்கலாக வைத்து, பிறகு படிப்படியாகக் குறையுங்கள். வெளிச்சம் புகாத பாட்டில் நல்லது; பாசி பிடிக்காது. நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அரளியின் பால், இலை, குச்சி ஊறிய நீர் எல்லாமே நஞ்சு. குடிநீர்ப் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தைகளும் கால்நடையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வெட்டிய பின் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: அடுக்கு மல்லி விதை எங்கே கிடைக்கும்?

பதில்: தேட வேண்டாம். அடுக்கு வகைகளில் மகரந்தப் பைகள் இதழாக மாறிவிடுவதால் விதை பிடிப்பது அரிது. தலைமுறை தலைமுறையாகக் குச்சியிலும் பதியத்திலும்தான் அது வந்திருக்கிறது. டெல்லி கனகாம்பரமும் அப்படியே. அது மும்மடி இனம் (குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று), விதை கட்டாது. விதை என்று விற்றால் அது வேறு கனகாம்பரம்.

கேள்வி: எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய செம்பருத்தியில் இலைகளில் மஞ்சள் வளையங்களும் திட்டுகளும் இருக்கின்றன. அதிலிருந்து குச்சி எடுக்கலாமா?

பதில்: முதலில் சத்துக் குறையா, நச்சுயிரியா என்று பிரித்துப் பாருங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவே சீராக மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. உவர்நீர் ஊற்றும் இடங்களில் இட்லிப்பூவிலும் இதைப் பார்க்கலாம். இரும்புச்சத்து கொடுத்துத் தேறிய பிறகு குச்சி எடுக்கலாம். ஒழுங்கற்ற திட்டும் வளையமும், பழைய இலை புது இலை என்ற வித்தியாசமில்லாமல் இருந்தால் நச்சுயிரியைச் சந்தேகிக்க வேண்டும். அது குச்சியோடு கூடவே வரும். எந்த மருந்தும் தீர்க்காது.

வேறு செடி இருந்தால் இதை விட்டுவிடச் சொல்லியிருப்போம். ஒரே செடி என்பதால் எடுங்கள். திட்டே இல்லாத, விரைவாக வளரும் துளிர்களிலிருந்து மட்டும். வேர் பிடித்தவற்றை மற்றச் செம்பருத்திகளிலிருந்து தள்ளி வைத்து, பத்துப் பன்னிரண்டு இலை வரும் வரை கவனியுங்கள். திட்டு காட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, சுத்தமாக நிற்பதையே அடுத்த தாய்ச்செடியாக்குங்கள். வெளிப்பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் உள்ளே கிருமி இருக்கலாம் என்பதால் அந்தச் செடிகளை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். செம்பருத்தியைத் தாக்கும் வளையப்புள்ளி நச்சுயிரி கத்திரிக்கோல் வழியாகவே பரவும். இந்தச் செடியைக் கடைசியில் வெட்டுங்கள்; அல்லது அதற்கென்று தனிக் கத்தி வையுங்கள்.

கேள்வி: பாலித்தீன் மூடிக்குள் அருமையாக இருந்த செடிகள் மூடியை எடுத்த அன்றே வாடிவிட்டன. எப்போது எடுப்பது? உரம் எப்போது?

பதில்: மூடிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சட்டென்று மூடப் பழகியிருக்கவில்லை. வேர் பிடித்தது உறுதியான பிறகு, முதல் இரண்டு நாள் மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பிறகு இரவு முழுக்க. ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக எடுத்துவிடலாம். இந்த நாட்களிலும் இடம் மாற்றாமல், 50 சதவீத நிழல்வலைக்குக் கீழேயே இருக்கட்டும். மூடியோடு இருக்கும்போது நேர் வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் உள்ளே செடி வெந்துவிடும்.

வேர் 3 முதல் 5 செ.மீ. நீண்டு கிளைத்ததும் 10க்கு 15 செ.மீ. பைக்கு மாற்றுங்கள். அங்கே செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவில் கலந்த கலவை ஒத்துக்கொள்ளும். புதுத் துளிர் எழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் திரவ உரம். அதுவும் டப்பாவில் சொன்ன அளவில் கால்பங்கு. முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

பையில் பெயர் எழுதும்போது "மல்லி" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் எந்த மல்லி என்று யாருக்கும் தெரியாது. வகை, எந்தத் தாய்ச்செடியிலிருந்து, எந்தத் தேதியில் என்ற மூன்றும் வேண்டும். மார்க்கர் பேனா மை வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும். பழைய அலுமினியத் தகட்டை 2 செ.மீ. அகலத்தில் நறுக்கி, அடியில் தடித்த தாள் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகவே பதிந்துவிடும். தகட்டைத் தண்டில் கட்டாமல் ஒரு கம்பியில் கோத்துப் பையின் ஓரத்தில் குத்தி வையுங்கள். தண்டில் கட்டினால் பருமனாகும்போது கம்பி பட்டையை அறுத்துவிடும்.